பழைய பிக்கப்பில் கசிவு: சொட்டும் இடமும் கசியும் இடமும்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் என் பிக்கப்புக்கு வயது 14. டீசல் எஞ்சின், பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக். இந்த வயதில் ரப்பர் எல்லாம் இறுகிப்போகிறது, பேக்கிங் காய்ந்துவிடுகிறது. ஒன்றை அடைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னொன்று கசியும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியதை, கண்ணில் படும் அறிகுறியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். இதே அமைப்புள்ள எந்தப் பழைய டீசல் பிக்கப்புக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும்; நின்ற பிறகு அது வழிந்து ஏதாவது ஒரு போல்ட் தலையிலிருந்து சொட்டும். அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு உதிரி வாங்கப் போனால் பணம் வீண்.

## முதல் வேலை: என்ன திரவம், எங்கிருந்து

இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து முன்பக்கத்திலிருந்து பின் ஆக்சில் வரை கீழே விரித்து, நான்கு சக்கரமும் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் பேனாவால் குறியுங்கள். காலையில் அட்டையை வெளியே இழுத்தால் எந்தப் பாகத்துக்குக் கீழே, என்ன நிறத்தில், எவ்வளவு சொட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தரையிலுள்ள பழைய கறையைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கறுப்பாகக் கையில் ஒட்டினால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு மூக்கைச் சுளிக்க வைத்தால் கியர் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, இனிப்பான வாடை வந்தால் கூலன்ட். சிவப்பான மெல்லிய எண்ணெய் என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங். டீசல் வாடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மஞ்சள் கலந்து தெளிவாக, வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில் என்று சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். எண்ணெய் வகை எல்லாம் மேலே மிதக்கும். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலும் கூலன்டும் தண்ணீரோடு கலந்துவிடும். அந்த டம்ளரை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கூலன்ட் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கும். தரையில் தேங்கியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மண் போட்டு மூடிவிடுங்கள்.

பிக்கப் உயரமான வண்டி. பெரும்பாலான சோதனைக்குத் தூக்கவே தேவையில்லை. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

## அறிகுறி: பின்சக்கரத்தின் உட்புறம் ஈரம்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற கசிவு வண்டியை நிறுத்தும். இது வண்டியை நிறுத்த முடியாமல் செய்யும்.

டயரின் உட்பக்கச் சுவரிலும், டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டின் அடிப்பகுதியிலும் ஈரம் தெரியும். அது பிரேக் ஆயிலா, ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயிலா என்பதை டம்ளர் சோதனை சொல்லிவிடும்.

தண்ணீரில் கலந்தால், பிரேக் ஆயில். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஒர்க்‌ஷாப் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்றாலும் ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் வரை வரும் குழாயின் முனையும் ரப்பர் ஹோஸும் ஈரமா என்று தடவிப் பாருங்கள். சேற்றையும் துருவையும் தாங்கிய இரும்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுவது பழைய வண்டிகளில் வழக்கம். பின் ஆக்சிலுக்கு மேலே, சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியானால் அதையும் பாருங்கள்.

அங்கெல்லாம் காய்ந்திருந்தால் குற்றவாளி, டிரம்முக்குள் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டர். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. என் வண்டியில் அப்படி நெம்பியபோது, பழுப்பு நிறத் திரவம் ஒரு தேக்கரண்டி அளவுக்கு விரலில் வழிந்தது. அதற்கு முந்தின நாள் அதே பிரேக்கை நம்பித்தான் கொடைக்கானல் மலைப்பாதையில் கேரட் மூட்டையோடு வத்தலக்குண்டு வரை இறங்கியிருந்தேன். மிதியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சீல் கிட் மாற்றுவது மலிவு. ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் புது சீலும் சில வாரங்களில் கசியும்; முழுச் சிலிண்டரையே மாற்றுங்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால் நான் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவேன். ஆயிலில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஊறியது ஊறியதுதான், ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும்.

மெக்கானிக் தேவைப்படும் இடம்: பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கத் தெரியாதவர்கள் டிரம்மைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் தொடக்கம் முதலே அவர்தான். பிரேக் ஆயில் டப்பாவில் வேறு எந்த எண்ணெயையும் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. எல்லா ரப்பரும் ஊதிப் போய், மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் வரை மாற்ற வேண்டி வரும்.

தண்ணீரில் மிதந்தால், கியர் ஆயில். சீலுக்குப் பழி போடும் முன் ஆக்சில் குழாயின் மேலே உள்ள சின்ன மூச்சுத் துளையைப் பாருங்கள். ஒரு சிறு மூடியோ குழாயோ இருக்கும். சேறு அடைத்துவிட்டால், சூட்டில் உள்ளே காற்று விரிந்து போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். அடுத்து, கிரவுனில் (பின் ஆக்சிலின் நடுவே உள்ள கியர்ப் பெட்டியில்) ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி நிரப்பும் துளையின் போல்ட்டைத் திறந்தால், துளையின் கீழ் விளிம்பு வரைதான் ஆயில் நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் ஹப் ஆயில் சீல். பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினால் புது சீலும் நிற்காது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். லைனிங் நனைந்திருந்தால் இதுவும் பிரேக் கோளாறுதான், தள்ளிப்போடக் கூடாது.

## அறிகுறி: எஞ்சினுக்குக் கீழே கறுப்பு ஆயில்

அதிகம் பேர் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். எஞ்சின் ஆயில் கசிவு, சொட்டும் அளவில் இருக்கும்வரை, அவசரமானதல்ல. ஆயில் கம்பியைத் தினமும் உருவிப் பார்த்து, இரு கோட்டுக்கும் நடுவே அளவை வைத்திருந்தால் வண்டி ஓடும். அவசரம் இல்லை என்பதால், நிதானமாக இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது.

எஞ்சின் ஆறிய பிறகு, அழுக்கேறிய பக்கத்தை டீசலும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்துக் காய விடுங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர், ஒயர் முனைகளின் மேல் பாலிதீன் பை கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் முகப்பவுடரை ஒரு துணியில் முடிந்து, சந்தேகப்படும் இடங்களில் தட்டுங்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். ஈரத்திலேயே மிக உயரமான, மிக முன்னாலுள்ள புள்ளியைத் தேடுங்கள். அதற்குக் கீழே, பின்னே இருப்பதெல்லாம் வழிந்தது.

சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகு தொடங்கியதா? வேறு எங்கும் போகாதீர்கள். ஆயில் இறக்கும் போல்ட்டின் வாஷர் பழையதாக இருக்கலாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரின் வளையம் உட்கார்ந்திருக்கலாம். இது ஒழுகத் தொடங்கினால் நிமிடங்களில் ஆயில் காலியாகும், உடனே எஞ்சினை அணையுங்கள். மேலே ஊற்றும்போது சிந்தியதாகக்கூட இருக்கலாம். போல்ட்டை வெறியோடு முறுக்காதீர்கள். அலுமினிய ஆயில் சேம்பர் என்றால் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறை வேலை.

எஞ்சினின் மேற்புறமும் பக்கவாட்டும் ஈரமா? டேப்பட் கவர் (எஞ்சினின் உச்சியில் உள்ள மூடி) பேக்கிங். மலிவானது, நீங்களே மாற்றலாம். பழைய பேக்கிங்கின் எச்சத்தைச் சுரண்டித் துடைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கசிவு நிற்கவில்லை என்று மேலும் மேலும் இறுக்கினால் தகரக் கவர் வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும். அருகில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்தால் அதன் ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். முனைக்குள் ஆயில் இருந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

டைனமோ ஆயிலில் குளித்திருக்கிறதா? பல டீசல் வண்டிகளில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வாக்குவம் (காற்றுறிஞ்சல்) தரும் பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் போய்வர ஹோஸ்கள் உண்டு. கிளிப் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளிப்பும் ஹோஸும் சில்லறைச் செலவு. விட்டுவிட்டால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கும், பேட்டரி சார்ஜ் ஏறாது. அதோடு பிரேக் மிதி கல்லாக இறுகினால் பம்ப்பே பழுது, அன்றே பார்க்க வேண்டும்.

முன்பக்கம், பெல்ட் சுற்றும் இடத்தில் ஆயில் தெறித்திருக்கிறதா? கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) முன் ஆயில் சீல். சீல் மலிவு, கூலி நடுத்தரம். சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது சீல் மட்டும் போட்டால் நிற்காது. அதைச் சரிசெய்யக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறதா? இங்கே நிதானம் மிக மிக முக்கியம். இந்த இடத்தில் சொட்டினாலே "பின் சீல் போச்சு, கியர் பாக்ஸ் இறக்கணும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கியர் பாக்ஸ் இறங்கியது, சீல் மாறியது, கூடவே கிளட்ச் பிளேட்டும் மாறியது. நான்காம் நாள் அட்டையில் அதே இடத்தில் அதே அளவு கறை. டேப்பட் கவரின் பின் மூலையில் அரை விரல் நீளத்துக்கு பேக்கிங் வெடித்து, ஆயில் எஞ்சினின் முதுகு வழியாகக் கோடு போட்டு இறங்கியிருந்தது. கையை மேலே விட்டு அந்த மூலையைத் தடவிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து. அதனால் சொல்கிறேன்: எஞ்சினின் பின்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை காய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் கியர் பாக்ஸைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சொட்டுவது எஞ்சின் ஆயிலா, கியர் பாக்ஸின் முன் சீலிலிருந்து வரும் கியர் ஆயிலா என்பதையும் முகர்ந்து பார்த்துவிடுங்கள். உண்மையில் பின் சீல்தான் என்று உறுதியானால், அது மெக்கானிக் வேலை. கிளட்ச் தேய்ந்திருந்தால் அப்போதே சேர்த்து மாற்றுவது கூலியை மிச்சமாக்கும்.

எல்லா சீலிலும் ஒரே நேரத்தில் கசிகிறதா? சீல்கள் பேசி வைத்துக்கொண்டு கெடுவதில்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேப்பட் கவரிலிருந்து காற்று வெளியேறும் ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கரிப்பசை அடைத்திருந்தால் கழுவிப் போட்டாலே பல கசிவுகள் நிற்கும். அதுவும் சுத்தமாக இருந்தால், சூடான எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங், பிஸ்டன் தேய்மானம். அதற்குமேல் சீலுக்குச் செலவழிக்காதீர்கள். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லி, எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

## அறிகுறி: கூலன்ட் குறைகிறது

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டுவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறட்டும்.

தரையில் கறை இருக்கிறது. ஹோஸ் கிளிப்புகளிலிருந்து தொடங்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்த இடம்தான் கசியும் இடம். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்றோ பொதபொதவென்றோ இருந்தால் மாற்றுங்கள். அடுத்து மூடி: அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காமல் கூலன்ட் வெளியேறும். மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த எண்ணில் புதியது வாங்குங்கள். பிறகு வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதிலிருந்து சொட்டினால் உள்சீல் போய்விட்டது. பம்ப்பை மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பசை போட்டு ஒட்டுவது ஊர் வந்து சேர மட்டும்தான். எஞ்சின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் அரித்துக் கசிந்தால் காரணம் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

தரையில் கறையே இல்லை. இது கவலைக்குரியது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? மூடியைப் போட்டால், எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? ஆயில் கம்பியில் காபி நிறத்தில் குழம்பு தெரிகிறதா? புகைக்குழாயில் வெள்ளைப் புகை நீங்காமல் வருகிறதா? இவற்றில் ஒன்று உறுதியானாலும் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) பக்கம் சந்தேகம் போக வேண்டும். இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திரும்பும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) உள்ள வண்டிகளில் அதுவும் இப்படித் தரையில் தெரியாமல் குடிக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்த வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து வளைவும் வெடிப்பும் பார்க்காமல் மாட்டவிடாதீர்கள்.

வண்டி சமதளத்தில் ஏசியோடு ஓடி நின்ற பிறகு, இடப்பக்கம் நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் சொட்டினால் அது ஏசித் தண்ணீர். விட்டுவிடலாம்.

## அறிகுறி: கிளட்ச் மிதி தரையோடு போகிறது, கியர் விழ மறுக்கிறது

ஹைட்ராலிக் கிளட்சில் ஓடுவதும் பிரேக் ஆயில்தான். சில வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே டப்பா. முதலில் கேபினுக்குள், மிதிக்கு மேலே தடவிப் பாருங்கள். தண்டு ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். காய்ந்திருந்தால் கியர் பாக்ஸ் பக்கவாட்டில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பாருங்கள். வெளியில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் என்றால் வேலை எளிது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் வகை என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி: ஸ்டீயரிங் முனகுகிறது, கனக்கிறது

டப்பாவில் அளவு குறைந்திருக்கும். திரும்பிவரும் ஹோஸின் கிளிப்தான் அடிக்கடி கசியும். இறுக்கி, வண்டியின் புத்தகத்தில் சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள். அழுத்தம் போகும் ஹோஸின் இரும்பு முனை ஈரமாக இருந்தால் ஹோஸை முழுதாக மாற்ற வேண்டும், ஒட்டு வேலை நிற்காது. பம்ப் சீல், ஸ்டீயரிங் பெட்டி சீல் இரண்டும் மெக்கானிக்குக்கு. சரக்கோடு நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்க முனையில் பிடித்தே வைத்திருப்பதைத் தவிர்த்தால் இவை நெடுநாள் வரும்.

## அறிகுறி: டீசல் வாடை, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம்

டீசல் வெளியே வரும் வழியில், வண்டி நிற்கும்போது காற்று உள்ளே போகும். அதனால்தான் காலையில் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் இறக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா, ஃபில்டர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டீசல் ஏற்றும் கைப்பம்ப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். அடுத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து டீசல் திரும்பும் மெல்லிய ஹோஸ்கள். துணி சுற்றியது போன்ற அந்த ஹோஸ்கள் இறுகி வெடிக்கும். மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம். டேங்க் மேலேயுள்ள குழாய் முனைகளையும் மறக்காதீர்கள்.

நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை இங்கே தெளிவானது. காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் இடையேயுள்ள இரும்புக் குழாயில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடுகிறது. நம் டயரில் இருப்பது சுமார் 4 பார்தான். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயில் கசிவைக் கையால் தேடினால், கண்ணுக்குத் தெரியாத பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் கழுவிவிட்டுச் சும்மா இருக்காமல், டீசல் பீச்சித் துளைத்தது என்று சொல்லி உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்களில் ஈரம் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு டீசல் பம்ப் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: வண்டியின் நடுவிலும் பின்னிலும் கெட்டியான எண்ணெய்

கியர் பாக்ஸின் வால் பகுதியில், பின் ஆக்சிலைச் சுழற்றும் ஜாயிண்ட் தண்டு உள்ளே போகும் இடத்தில் சீல் கசியலாம். கிரவுனின் முன்மூக்கிலும் ஒரு சீல் உண்டு. அது கசிந்தால் தண்டு சுற்றும்போது மேலே உள்ள தகட்டில் வட்டமாக எண்ணெய் தெறித்திருக்கும். மூச்சுத் துளைகள், ஆயில் அளவு, இறக்கும் போல்ட் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே சீலுக்குப் போங்கள். கியர் பாக்ஸ் சீல் மாற்றுவது அனுபவமுள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கிரவுன் முன் சீல் அப்படியல்ல. அந்த நட்டின் இறுக்கத்தில்தான் பேரிங்கின் அழுத்தம் இருக்கிறது. கண்டபடி முறுக்கினால் கொஞ்ச நாளில் கிரவுன் ஊளையிடும். கிரவுன் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். எஃப்சிக்கு முந்தின வாரம் அடிப்பாகத்தைக் கழுவிப் பெயிண்ட் அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கழுவுவதற்கு முன்பு ஒரு இரவு அட்டையை விரித்துப் பாருங்கள், கறையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கழுவிய கையோடு கொண்டுபோனால் எந்த மெக்கானிக்காலும் இடத்தைக் காட்ட முடியாது. சீல் மாற்றிய பிறகு பழைய சீலைக் கேட்டு வாங்கி, அதன் உதட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். இறுகி வெடித்திருந்தால் சரியான சீலைத்தான் மாற்றியிருக்கிறார். புதிது போல் வளைந்து நிமிர்ந்தால், அன்றிரவே மறுபடி அட்டையை விரியுங்கள்.